கிளைப்பாதை மாடல்: லூப்பில் ஷார்ட் ஆகிறது, இன்ஜின் சுற்றிவர முடியவில்லை. உதவி தேவை

செங்கோட்டை_மீட்டர்கேஜ்:

மாடியறையில் ஒரு ரயில் கிளைப்பாதை மாடல் போட்டுக்கொண்டிருக்கிறேன். தண்டவாளம் ஆணி அடித்தாயிற்று, ஜல்லி இன்னும் ஒட்டவில்லை. ஒட்டிவிட்டால் பிடுங்குவது கஷ்டம் என்பதால் அதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.

செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் வண்டி 2010-ல் நின்றது. 2018-ல் அகலப்பாதையாகத் திரும்ப ஓட ஆரம்பித்தது. ஆனால் ஆரியங்காவு, பகவதிபுரம் பக்கம் சின்ன வயதில் நான் பார்த்த ஸ்டேஷன்கள் வேறு. அந்தச் சாயலில் ஒரு கற்பனை ஸ்டேஷன், அத்தோடு பாதை முடிகிறது. பலகை 8 அடிக்கு ஒன்றரை அடி. இடது கைப் பக்கம் டெட் எண்ட். வலது கைப் பக்கம் திரைக்குப் பின்னால் 4 அடிப் பலகையில் மறைவு யார்டு. அதுதான் 'வெளியுலகம்', வண்டி அங்கிருந்துதான் வரும். நடுவில் பிளாட்பாரம், மெயின் லைன், ஒரு லூப் (மெயினிலிருந்து பிரிந்து மறுபடி மெயினிலேயே சேரும் பக்கப் பாதை). கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு சைடிங் (வேகன் நிறுத்தும் முட்டுப் பாதை), அது இடது பக்கமாகப் போகிறது. புனலூர் பேப்பர் மில்லை மனதில் வைத்து ஒரு மில் சைடிங், அது வலது பக்கமாகப் போகிறது.

எச்ஓ அளவு (1:87), 16.5 மி.மீ. பாதை, சாதாரண டிசி கன்ட்ரோலர். இன்ஜின் 15 செ.மீ., நாலு சக்கர வேகன் தலா 10, பயணிகள் பெட்டி 24, கார்டு வேன் (வண்டியின் கடைசியில் கார்டு இருக்கும் பெட்டி) 10. வழக்கமான வண்டி இன்ஜின், மூன்று வேகன், ஒரு பெட்டி, கார்டு வேன்.

இனி பிரச்சினை. லூப்பின் இரண்டு முனை பாயிண்டும் (பாதை பிரியும் இடத்தில் வண்டியைத் திருப்பிவிடும் அமைப்பு) ஒரே பக்கம் திரும்பியிருந்தால் ஓடுகிறது. ஒன்று நேராகவும் மற்றது லூப்புக்கும் இருந்தால் உடனே கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு. இன்ஜினைக் கழற்றி லூப் வழியாக வண்டியின் பின்பக்கம் கொண்டுவரப் பார்த்தால் எங்கேயாவது இடிக்கிறது. மில் சைடிங்கில் வேகனை விடப்போனால் இன்ஜின்தான் முதலில் உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது. போதாததற்குச் சாரல் ஆரம்பித்ததிலிருந்து பாயிண்ட் சரியாக ஒட்டுவதில்லை.

இன்னொன்று. மறைவு யார்டு பலகையில் ஒரு ஏற்றம் வைத்து, அதே மலைப்பாதையில் உள்ள கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தைக் கொண்டுவர முடியுமா?

சித்தூர்_ரிப்பேர்:

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து. ஷார்ட்டுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். இரண்டு கேள்வி: பாயிண்ட்டின் ஃப்ராக் (நடுவில் உள்ள 'வி' வடிவத் துண்டு) உலோகமா, பிளாஸ்டிக்கா? கன்ட்ரோலர் ஒயர் எந்த இடத்தில் பற்றவைத்திருக்கிறீர்கள்?

செங்கோட்டை_மீட்டர்கேஜ்:

உலோகம். 'லைவ் ஃப்ராக்' என்று சொல்லித்தான் வாங்கினேன், சின்ன ரேடியஸ், நீளம் 18.5 செ.மீ. ஒயர் ஒரே இடத்தில்தான், மெயின் லைனில் மில் பாயிண்டுக்கும் லூப்பின் வலது பாயிண்டுக்கும் நடுவில்.

சித்தூர்_ரிப்பேர்:

அப்படியானால் பாயிண்ட்டில் பழுது எதுவும் இல்லை. லைவ் ஃப்ராக் என்றால் அந்த 'வி' வடிவத் துண்டும் அதிலிருந்து கிளம்பும் இரண்டு உள் தண்டவாளமும் ஒன்றாக இணைந்தவை. பாயிண்டைத் திருப்பினால் இவை மூன்றும் சேர்ந்து பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கோ மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கோ மாறும். உங்கள் லூப்பில் இரண்டு ஃப்ராக் முகத்தோடு முகம் பார்த்து நிற்கின்றன, நடுவில் உள் தண்டவாளங்கள் அவற்றை நேராக இணைக்கின்றன. ஒரு பாயிண்ட் நேர், மற்றது லூப் என்றால் ஒரு ஃப்ராக் பிளஸ், மற்றது மைனஸ். ஷார்ட் ஆகத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது: மெயின் லைனின் உள் தண்டவாளத்தில் ஒரு வெட்டு, லூப்பின் உள் தண்டவாளத்தில் ஒரு வெட்டு. வெளித் தண்டவாளம் இரண்டையும் தொடாதீர்கள். இடது பாயிண்டுக்கு அருகிலேயே வெட்டினால் நல்லது. புதிதாகப் போடுபவர்கள் அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஜாயினர் (கரன்ட் கடத்தாத இணைப்புத் துண்டு) போட்டால் போதும். உங்களுக்கு ஆணி அடித்தாகிவிட்டதால் மினி டிரில்லில் மெல்லிய கட்டிங் டிஸ்க் மாட்டி வெட்டுங்கள். ஹாக்ஸா பிளேடு வேண்டாம், அதன் தடிமனுக்கு இடைவெளி பெரிதாகிச் சக்கரம் தட்டும். வெட்டிய இடத்தில் பழைய ஏடிஎம் கார்டிலிருந்து ஒரு சிறு துண்டை நறுக்கிச் செருகி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு. காய்ந்ததும் மேலேயும் உள்பக்கமும் தண்டவாள மட்டத்துக்கு அரத்தால் ராவிவிடுங்கள். துண்டு வைக்காமல் விட்டால் வெயில் காலத்தில் தண்டவாளம் நீண்டு இடைவெளி மூடி, மறுபடி ஷார்ட் வரும். அப்போது காரணமே பிடிபடாது.

புதிதாக ஒயர் எதுவும் தேவையில்லை. இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு பாயிண்டும் மெயினுக்கு இருக்கும்போது லூப்பில் நிற்கும் இன்ஜினுக்குக் கரன்ட் போகாது. அதன் இரண்டு தண்டவாளமும் ஒரே துருவமாகிவிடும். தனி சுவிட்ச் இல்லாமலே இன்னொரு இன்ஜினை அங்கே நிறுத்தி வைக்கலாம்.

புனலூர்_டிசிசி:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? டிசிசி (ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை) கன்ட்ரோலுக்கு மாறிவிடுங்கள். அப்புறம், டெட் எண்ட் ஸ்டேஷனில் முன்னும் பின்னும் போவதைவிட ஒரு வட்டப் பாதை போட்டால் வண்டி நிற்காமல் ஓடும். குழந்தைகளும் பார்ப்பார்கள்.

சித்தூர்_ரிப்பேர்:

டிசிசியில் ஓட்டினாலும் இந்த இரண்டு வெட்டு வேண்டும் நண்பரே. ஷார்ட் அங்கேயும் ஷார்ட்தான்.

பகவதிபுரம்_பாயிண்ட்ஸ்மேன்:

நான் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாடல் என் பேரன் வைத்திருப்பதைப் பார்த்ததோடு சரி. ஆனால் ஷண்டிங் (பெட்டிகளைப் பிரித்து, இடம் மாற்றி, கோப்பது) எங்கேயும் ஷண்டிங்தான்.

வட்டமாக ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். கிளைப்பாதையில் ருசியே கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மாட்டுவதில்தான் இருக்கிறது. அதனால் தம்பி, ஸ்டேஷனை மாற்ற வேண்டாம். அளவை மாற்றுங்கள்.

லூப் எவ்வளவு நீளம் என்று நீங்கள் சொல்லவில்லை. பாயிண்டுக்குப் பாயிண்ட் அளந்து சொல்லாதீர்கள், ஃபௌலிங் மார்க்கிலிருந்து ஃபௌலிங் மார்க் வரை சொல்லுங்கள். ஒரு பாதையில் நிற்கும் பெட்டி பக்கத்துப் பாதையில் வரும் பெட்டியை உரசாத எல்லை அது. மாடலில் கண்டுபிடிப்பது சுலபம்: உங்களிடம் உள்ளதிலேயே அகலமான பெட்டியை மெயினில் நிறுத்துங்கள், இன்னொன்றை லூப்பில் பாயிண்டை நோக்கிக் கையால் தள்ளுங்கள். உரசும் இடத்துக்கு ஒரு விரல் உள்ளே தள்ளிப் பென்சிலால் கோடு போடுங்கள். டெட் எண்ட் பக்கம் பாயிண்டைத் தாண்டி எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளந்து சொல்லுங்கள்.

செங்கோட்டை_மீட்டர்கேஜ்:

நன்றி அண்ணாச்சி. மார்க்குக்கு மார்க் 52 செ.மீ. டெட் எண்ட் பக்கம் 12 செ.மீ.

பகவதிபுரம்_பாயிண்ட்ஸ்மேன்:

சரி, இரண்டுமே குறைவு. இன்ஜினை விட்டுவிட்டு உங்கள் வண்டி 30, 24, 10 சேர்த்து 64 செ.மீ. அது 52-க்குள் எப்படி அடங்கும்? கார்டு வேன் வலது பாயிண்ட் மேல் நின்று வழியை மறிக்கும். சரி, வண்டியைக் குறைத்தாலும் 15 செ.மீ. இன்ஜின் 12 செ.மீ. டெட் எண்டில் ஏறி நின்றால் அதன் பின் சக்கரம் பாயிண்டை விட்டு வராது. பிறகு பாயிண்டை எப்படித் திருப்புவீர்கள்?

டெட் எண்ட் 20, இடது பாயிண்ட் 18.5, அதிலிருந்து மார்க் வரை ஒரு 5, மார்க்குக்கு மார்க் 70, மறுபடி 5, வலது பாயிண்ட் 18.5. மொத்தம் 137 செ.மீ. உங்கள் பலகை 244. இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம். இடது பாயிண்டை 8 செ.மீ. வலது பக்கம் நகர்த்துங்கள். வலது பாயிண்டைத் தேவையான அளவு வெளியே தள்ளுங்கள். தண்டவாள வெட்டை இதெல்லாம் முடித்த பிறகு போடுங்கள்.

மில் சைடிங்கைத் தப்பாகப் போட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், அது இருக்கிறபடியே நல்லது. ஒரு சைடிங் வரும்போது வேலை செய்ய, ஒரு சைடிங் போகும்போது வேலை செய்ய. இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது?

வண்டி வலமிருந்து இடமாக வருகிறது, இன்ஜின் இடது நுனியில். மில் பாயிண்டைத் தொடும் முன்பே வண்டியை மெயின் லைனில் நிறுத்துங்கள். மில்லுக்கான வேகன் இன்ஜினை ஒட்டி முதலாவதாக இருக்க வேண்டும், அதை மறைவு யார்டிலேயே அப்படிக் கோத்து அனுப்ப வேண்டும். அந்த வேகனுக்குப் பின்னால் கழற்றி, இன்ஜினும் வேகனும் மட்டும் பாயிண்டைத் தாண்டி இடது பக்கம் போகட்டும். பாயிண்டைத் திருப்பி, அப்படியே பின்னால் தள்ளினால் வேகன் முதலில் மில்லுக்குள் போகும், இன்ஜின் வெளியே நிற்கும். விட்டுவிட்டு வந்து மீதி வண்டியை மாட்டிப் பிளாட்பாரத்துக்கு வாருங்கள். நிஜத்தில் இப்படி வண்டியை மெயின் லைனில் விட்டுவிட்டுப் போனால் கார்டு பிரேக்கை இறுக்காமல் நகர முடியாது. உங்கள் பலகை சமமட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் வேகன்கள் தானே கிளம்பிவிடும்.

கூட்ஸ் ஷெட் அப்படியில்லை. இன்ஜினைச் சுற்றிக் கொண்டுவந்து வலது நுனியில் மாட்டிய பிறகுதான் அதில் தள்ள முடியும்.

கொல்லங்கோடு_மரவேலை:

சாரல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊருக்குச் செங்கோட்டைக் கணவாய், எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் பிறந்தால் இரண்டு பக்கமும் ஈரக்காற்றுதான். ப்ளைவுட்டின் மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு அடிப்பக்கத்தையும் வெட்டிய விளிம்பையும் எல்லோரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஈரம் ஏறுவதே அந்த விளிம்பில்தான். பலகை கொஞ்சம் வளைந்தால் போதும், டங் ரயில் (பாயிண்டில் நகரும் கூர்த் தண்டவாளம்) ஒட்டாது. ஒரு வெயில் நாள் பார்த்து அடிப்பக்கம், விளிம்பு, திருகு ஓட்டை எல்லாவற்றுக்கும் இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள். சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், ஒரு கைவிரல் போகும் இடைவெளி விடுங்கள்.

பாயிண்டை ஜல்லி பசையில் மூழ்க விடாதீர்கள். டங் ரயில் பக்கத்தில் பசை துளியும் போகக் கூடாது. தண்டவாளத்தில் கறுப்பு படிந்தால் உப்புத்தாள் போடாமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய பருத்தித் துணியில் நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் கீறிய கோடுகளில்தான் அழுக்கு வேகமாகச் சேரும்.

பாலத்தைப் பற்றி: 4 அடி என்பது 122 செ.மீ. ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதை போக 7.5 செ.மீ. உயரமாவது வேண்டும். 122-ல் 7.5 என்றால் 6 சதவீத ஏற்றம், பதினாறுக்கு ஒன்று. சின்ன இன்ஜின் தானே ஏறுவதே சந்தேகம், வண்டி எங்கே இழுக்கும்? 3 சதவீதமாக வைத்தால் 250 செ.மீ. நீளம் தேவை. வளைவும் சேர்ந்தால் இன்னும் மோசம். 18 அங்குல ரேடியஸ் வளைவு ஏறக்குறைய 1.8 சதவீத ஏற்றத்துக்குச் சமமாக இழுக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு.

நிஜப் பாலமே கிட்டத்தட்ட நூறு மீட்டர். 1:87-ல் ஒரு மீட்டரைத் தாண்டும், உங்கள் மறைவு யார்டு முழுவதையும் விழுங்கிவிடும். யார்டு போனால் வண்டி எங்கிருந்து வரும்? பாலத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. ஆசை தீரவில்லையென்றால் பின்சுவரில் வரைந்துகொள்ளுங்கள்.

புனலூர்_டிசிசி:

பாலம் இல்லாமல் இந்தப் பாதையா! சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஒரே ஒரு குறை: 16.5 மி.மீ. பாதையை 1:87-ல் மீட்டர் கேஜ் என்று சொல்ல முடியாது. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5 வருகிறது. 12 மி.மீ. பாதைதான் சரி.

செங்கோட்டை_மீட்டர்கேஜ்:

தெரியும். 12 மி.மீ. வண்டிகளின் விலை கேட்டதும் என் மீட்டர் கேஜ் கொஞ்சம் அகலமாகிவிட்டது.

எல்லோருக்கும் நன்றி. இடது பாயிண்டை நகர்த்தி, லூப்பை 70-க்கு நீட்டி, இரண்டு வெட்டும் போட்டாயிற்று. சிவப்பு விளக்கு வருவதில்லை. லூப்பில் நிற்கும் இன்ஜின் சொன்னபடியே அசையாமல் நிற்கிறது. வார்னிஷ் வெயிலுக்குக் காத்திருக்கிறது. மில் வேகனும் முதல் தடவையே உள்ளே போனது. ஈர்க்குச்சியின் நுனியைக் கொக்கிபோல வளைத்து, கப்ளிங்கை மேலே தூக்கிக் கழற்றுகிறேன். கைவிரலை விட அது நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் கூட்ஸ் ஷெட்டில் சிக்கல். இன்ஜின் சுற்றிவந்து வலது நுனியில் மாட்டினால் அங்கே இருப்பது கார்டு வேன். அதற்கு அடுத்து பெட்டி. ஷெட்டுக்கான வேகன் அதற்கும் பின்னால். கார்டு வேனை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டா போவது?

பகவதிபுரம்_பாயிண்ட்ஸ்மேன்:

கார்டு அதற்குச் சம்மதிக்க மாட்டார். இப்படிச் செய்யுங்கள். வண்டி பிளாட்பாரத்தில் மெயினில் நிற்கட்டும். இன்ஜின் சுற்றிவந்து கார்டு வேனையும் பெட்டியையும் மட்டும் மாட்டி வலது பக்கம் இழுத்துப்போய், பாயிண்டைத் திருப்பி லூப்புக்குள் தள்ளிவிட்டு வரட்டும். இப்போது மெயினில் வேகன்கள் மட்டும். ஷெட் வேகனை மாட்டி இழுத்து, ஷெட் சைடிங்கில் தள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே நிற்கும் காலி வேகனை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பிறகு காலி வேகன்களை மெயினில் கோத்து, கடைசியாகப் பெட்டியையும் கார்டு வேனையும் லூப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

கார்டு வேன் திரும்பும் வண்டிக்கு எந்த நுனியில் வர வேண்டும்? இடது நுனியில். இன்ஜின் வலது பக்கம் இருக்கிறது. அதனால் கார்டு வேனைப் பிளாட்பாரத்தின் இடது பக்கம் முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் பெட்டி, பிறகு வேகன்கள் என்று தள்ளிச் சேர்க்க வேண்டும். ஷெட் சைடிங் எங்கிருந்து பிரிகிறது? மெயினிலா, லூப்பிலா?

செங்கோட்டை_மீட்டர்கேஜ்:

லூப்பிலிருந்து.

பகவதிபுரம்_பாயிண்ட்ஸ்மேன்:

அப்படியானால் பெட்டியையும் கார்டு வேனையும் லூப்பில் வைக்கக் கூடாது, ஷெட்டுக்கு வழி அடைபடும். மேலே சொன்னதில் அந்த ஒன்றை மாற்ற வேண்டும். அவற்றை வலது பக்கம் இழுத்துப்போய் மில் சைடிங்குக்கு அந்தப் பக்கம் மெயினில் நிறுத்திவிட்டு இன்ஜின் மட்டும் திரும்ப முடியாது, ஏனென்றால் அவை இன்ஜினுக்கு இடது பக்கம் இருக்கும். எனவே வேறு வழி. வண்டி வந்ததும், இன்ஜின் சுற்றுவதற்கு முன்பே, பெட்டியையும் கார்டு வேனையும் வலது பாயிண்டுக்கு வெளியே மெயினில் கழற்றி விடாமல், வண்டி முழுவதையும் லூப்பில் வாங்குங்கள். இன்ஜின் மெயின் வழியாகச் சுற்றி வரட்டும். வலது நுனியில் கார்டு வேனையும் பெட்டியையும் மாட்டி இழுத்து, காலியாக இருக்கும் மெயினில் பிளாட்பாரத்தின் இடது கோடிவரை தள்ளி விடுங்கள். பயணிகள் இறங்க அதுதான் இடம். கார்டு வேன் இன்ஜின் பக்கமாகத்தான் இருக்கும். வேகன் வேலை முடியட்டும். கடைசியில் கார்டு வேனை மட்டும் பிரித்து லூப்பில் தள்ளிவைத்து, மெயினில் நிற்கும் பெட்டியை எடுத்துப்போய் வலது பக்கம் இழுத்து, லூப்பில் நிற்கும் கார்டு வேனோடு சேர்த்தால் அது இடது நுனிக்கு வந்துவிடும். அப்புறம் வேகன்களை முன்னால் கோத்துக் கிளம்புங்கள்.

ஒருவர் ஓட்ட, ஒருவர் பாயிண்ட் போட என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஒற்றைப் பாதையில் டோக்கன் (அந்தப் பாதையில் போக அனுமதி தரும் அடையாளம்) கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கவே மாட்டார். ஒரு மரக்கட்டைக்குச் சிவப்பு அடித்து டோக்கன் என்று வையுங்கள். அது மறைவு யார்டுக்காரர் கையில் இருக்கும்வரை ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்படக் கூடாது. வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.