எண்டைவ்: போன பதிவுக்குப் புதுப்பிப்பு

மட்டக்களப்பு மணல் வளவுக்கு எந்த எண்டைவ் (சற்றுக் கசக்கும் சாலட் கீரை) சரி என்ற போன பதிவில் சுருள் இலை ரகத்தை முதலாவதாகவும், விதைப்பை ஒக்டோபரிலும் போட்டிருந்தேன். இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மாரி மழையில் சுருள் இலையின் குருத்துக்குள் தண்ணீர் தங்கி அழுகும். அதை முழுச்செடியாக வளர்க்காமல், 5, 6 கிழமையில் இளம் இலையாக வெட்டுங்கள். குருத்துக்கு மேலே 3 சென்ரிமீற்றர் விட்டு வெட்டினால் மறுபடி தளிர்க்கும். முழுச்செடிக்கு 'பட்டாவியன்' போன்ற அகல இலை ரகம் நல்லது.

விதையை டிசம்பர் நடுவில் நிழலில் தட்டில், அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள். பெருமழை ஓய்ந்தபின் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில், குருத்து மண்ணுக்குள் புதையாமல் நடுங்கள். மார்ச் வெயிலுக்கு முன் அறுவடை முடியவேண்டும். பிந்தினால் தண்டு நீண்டு இலை கசந்துவிடும். கச்சான் (சூடான, வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் காலத்தில் கிடுகுப் பந்தல் போட்டும் பெரிய பலனில்லை.

கசப்பைக் குறைக்க, இலையில் ஈரமே இல்லாதபோது பழைய மண்சட்டியைக் கவிழ்த்து, வெளிச்சம் படாமல் செடியை மூடுங்கள். காற்றுப் போக விளிம்பின் கீழ் ஒரு சிறு கல். குளிர்நாட்டில் 10 நாள் மூடுவார்கள். எங்கள் சூட்டில் 4ஆம் நாளே திறந்து பாருங்கள். நடு இலை வெளிறியிருந்தால் உடனே வெட்டுங்கள். ஈர இலையை மூடினால் மிஞ்சுவது சளிபோல அழுகிய இலைதான்.