வீட்டில் படிக்கும் 14 வயதுப் பிள்ளைக்கு எந்தப் புத்தகங்கள்? (தமிழ் மொழிமூலம், ஓஎல் நோக்கி)

கல்லடிப்பாலம்:

மகளுக்கு 14. தமிழ் மொழிமூலம். ஒன்பதாம் தரப் பாடங்கள் முடிகிற நிலை. தை தொடக்கம் பத்தாம், பதினோராம் தரத்தை வீட்டிலேயே படிப்பித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓஎல் (இலங்கையின் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) எடுக்க வைக்கலாமா என்று யோசிக்கிறோம். சின்ன வகுப்புகளில் எதை வைத்தும் சமாளிக்கலாம். இனி அப்படி முடியாது. கடைக்குப் போனால் ஒரே பாடத்துக்கு ஏழெட்டு வழிகாட்டிப் புத்தகம், இணையத்தில் இந்தியப் புத்தகங்கள், அதற்கு மேல் லண்டன் ஓஎல்லே (ஆங்கில மொழிமூல வெளிநாட்டுப் பரீட்சை) நல்லது என்கிறவர்களும் இருக்கிறார்கள். கேள்விகள் இவைதான்:

அடிப்படையாக எதை வைத்திருக்க வேண்டும், எது வீண்செலவு? தமிழ்நாட்டுப் பாடநூல்களைக் கூடச் சேர்த்துப் படிக்கலாமா? ஆய்வுகூடம் இல்லாமல் விஞ்ஞானச் செயன்முறைகளை என்ன செய்வது? தொகுதிப் பாடங்களில் (தெரிவு செய்து எடுக்கிற பாடங்களில்) வீட்டில் படிப்பவருக்கு எது தோது?

களுதாவளைக் கொடிக்கால்:

அக்கா, புத்தகத்துக்கு முதல் பரீட்சையை முடிவு செய்யுங்கள். உள்ளூர் ஓஎல் என்றால் பாடத்திட்டம் ஒன்றுதான், அதற்குப் புத்தகமும் ஒன்றுதான்: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல். திணைக்கள இணையத்தளத்தில் எல்லாப் பாடமும் தமிழில் இலவசமாகக் கிடக்கிறது. கடையில் கிடைக்கிற வழிகாட்டிகள் பெரும்பாலும் இதே பாடநூலின் சுருக்கமும் மாதிரி வினாக்களும்தான். பாடநூலைக் கரைத்துக் குடித்த பிள்ளைக்கு அவை தேவைப்படாது. பாடநூலைத் தொடாத பிள்ளைக்கு அவை உதவவும் மாட்டா.

பாடநூலோடு இன்னும் மூன்று சேர்த்தால் போதும்.

ஒன்று, ஆசிரியர் வழிகாட்டி. மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம் வெளியிடுவது, அவர்களின் தளத்தில் எடுக்கலாம். பெற்றோர் படிப்பிக்கும் வீட்டில் பாடநூலைவிட இதுதான் முதலில் அச்சிட வேண்டியது. எந்தத் தேர்ச்சிக்கு எத்தனை பாடவேளை, எவ்வளவு ஆழம் வரை போக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்க்காமல் படிப்பிக்கிறவர் தனக்குப் பிடித்த அலகில் இரண்டு மாதம் நின்றுவிடுவார்.

இரண்டு, கடந்தகால வினாத்தாள்கள். இப்போதைய பாடத்திட்டம் பத்தாம் தரத்துக்கு 2015இல் வந்தது, ஆகவே 2016 ஓஎல் முதல் உள்ளவை பொருந்தும். அதற்கு முந்தியவற்றைக் கணிதத்தில் பயிற்சிக்கு எடுக்கலாம். விஞ்ஞானம், வரலாற்றுக்கு எடுத்தால் இல்லாத பாடத்தைத் தேடிக்கொண்டு இருப்பீர்கள்.

மூன்று, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கணிதத்தில் 10 புள்ளிக் கேள்வி ஒன்று ஒன்றாக, இரண்டு இரண்டாகப் படிகளுக்குப் பிரிந்து கிடக்கும். வீட்டில் திருத்துகிறவர் விடை சரியா பிழையா என்று மட்டும் பார்த்தால், 6 புள்ளி எடுக்க வேண்டிய பிள்ளைக்கு 0 போடுவார். விடை சரியாக இருந்து படிகள் இல்லாதவருக்கு 10 போடுவார். இரண்டுமே ஏமாற்று.

அச்சடிக்கும்போது ஒரு விசயம்: முழுப் புத்தகத்தையும் ஒரே அடியாய் அச்சிடாதீர்கள். அலகு அலகாக, ஏ4 தாளில் இரு பக்கமும் அடித்து, தவணைக்கு ஒன்றாகச் சுருள் கட்டுங்கள். மாரிகாலத்தில் ஈரக் காற்றுப் பட்டு தடித்த கட்டுகள் பூஞ்சணம் பிடிக்கும். சில கோப்புகள் பழைய பாமினி வகை எழுத்துருவில் இருப்பதால் அவற்றில் சொல் தேடினால் ஒன்றும் அகப்படாது, பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

இன்னொன்று. நம் நாட்டில் 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. பாடசாலையிலிருந்து பெயரை வெட்டுவதற்கு முன்பே வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் பேசுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதி, விடுகைப் பத்திரம், பிள்ளையின் வேலைக் கொப்பிகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். 15 வயது ஆனதும் தேசிய அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பித்துவிடுங்கள். பாடசாலைப் பிள்ளைக்கு அதிபர் பார்த்துக்கொள்ளும் வேலை இது. உங்களுக்கு யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள். ஓஎல் விண்ணப்பம் கோரும் அறிவித்தலும் அப்படித்தான்.

அக்கரைப்பற்று_விஞ்ஞானம்:

தமிழ்நாட்டுப் புத்தகம் பற்றி. கணிதத்துக்குப் பாதகம் குறைவு, விஞ்ஞானத்தில் நல்ல பொறி. சொல் வேறாக இருந்தால் பிள்ளை கேட்கும், தப்பிவிடலாம். அங்கே இயற்கணிதம், இங்கே அட்சரகணிதம். அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். அங்கே அணி, இங்கே தாயம். அங்கே முடுக்கம், இங்கே ஆர்முடுகல். அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. இவை பரவாயில்லை.

ஆபத்து, ஒரே சொல் இரண்டு கரையிலும் இரண்டு பொருளில் நிற்கும்போது வருகிறது. நம் பாடநூலில் கிலோகிராமில் அளப்பது திணிவு, நியூற்றனில் அளப்பது நிறை. தமிழ்நாட்டில் கிலோகிராமில் அளப்பதே நிறை, நியூட்டனில் அளப்பது எடை. "5 கிலோகிராம் நிறை" என்று அங்கே படித்த பிள்ளை இங்கே அப்படியே எழுதினால் பிழை. அதே மாதிரி நமக்குத் திசை இல்லாதது கதி, திசையோடு வருவது வேகம். அங்கே திசை இல்லாதது வேகம், திசையோடு வருவது திசைவேகம். "வேகம் என்பதை வரையறுக்க" என்ற கேள்விக்கு, அங்கே சரியான விடையை எழுதிய பிள்ளைக்கு இங்கே புள்ளி இல்லை. அங்கே அழுத்தம் என்பது இங்கே அமுக்கம், அந்த இரண்டையும் பட்டியலில் சேருங்கள்.

எனவே இயக்கம், விசை, அமுக்கம், மின் ஆகிய அலகுகளை முதலில் நம் பாடநூலில் முடித்து, சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்த பிறகு அந்தப் புத்தகங்களைக் கணக்குப் பயிற்சிக்கு மட்டும் திறக்கலாம். உயிரியலுக்குத் திறக்கவே வேண்டாம். (கலைச்சொல்லுக்காகக் கரைகள் இரண்டும் கூடி உழைத்த காலமும் உண்டு. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்ம காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள்தான்.)

செயன்முறை: ஓஎல் விஞ்ஞானத்தில் ஆய்வுகூடப் பரீட்சை கிடையாது, எல்லாம் எழுத்தில். ஆனால் அமைப்புக் கட்டுரை வினாக்கள் செயன்முறையைச் செய்து பார்த்தவருக்கென்றே எழுதப்பட்டவை மாதிரி இருக்கும். "இப்படி ஏன் செய்தார்?" என்றுதான் கேட்பார்கள். எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். இரண்டை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

இலையில் மாப்பொருள் சோதனை. செவ்வரத்தை இலை எடுங்கள். மா, குரோட்டன் மாதிரித் தடித்த மெழுகு இலையில் நிறம் இறங்காது. செடியை 48 மணித்தியாலம் இருட்டில் வைத்து, பிறகு ஓர் இலையின் பாதியைக் கறுப்புக் கடதாசியால் மூடி நாலைந்து மணித்தியாலம் நல்ல வெயிலில் விடுங்கள். இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் அமிழ்த்த வேண்டும். அடுப்பை அணைத்து, அந்த இடத்தை விட்டு விலகிய பிறகுதான் ஸ்பிரிட் போத்தலைத் திறக்கலாம். ஸ்பிரிட் உள்ள சிறு கண்ணாடிக் குவளையைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். ஸ்பிரிட் ஏறத்தாழ 78 பாகையில் கொதிக்கும், சுடுநீரின் சூடே போதும். நேரே நெருப்பில் வைத்தால் ஆவி பற்றிக்கொள்ளும். "நீர்த்தொட்டியில் சூடாக்கக் காரணம் யாது?" என்ற கேள்விக்கு விடையும் இதுதான். வெளிறிய இலை மொறுமொறுப்பாய் உடையும், மறுபடி சுடுநீரில் தோய்த்து மென்மையாக்கி, அயடீன் விடுங்கள். வெயில் பட்ட பாதி கருநீலமாகும். இலை முழுக்கக் கபிலமாகவே நின்றால் வெயில் காணாது, முழுக்கக் கருநீலமானால் இருட்டில் வைத்த நேரம் காணாது.

ஓமின் விதி. 28 கேஜ் நிக்ரோம் கம்பி 50 சென்ரிமீற்றர் (ஏறத்தாழ 5 ஓம் வரும்), உலர்மின்கலம் 3, ஆளி 1, மல்ரிமீற்றர் 2. ஓட்டம் அளக்கிற மீற்றர் தொடரில், வயரை 10 அம்பியர் துளையில் குத்துங்கள். ஒரு கலத்திலேயே 0.3 அம்பியர் ஓடும், மில்லியம்பியர் துளையில் போட்டால் மீற்றருக்குள் இருக்கிற உருகி (ஃபியூஸ்) எரிந்துவிடும். அதே மீற்றரைக் கலத்துக்குக் குறுக்கே பிடித்தால் குறுஞ்சுற்று. கலங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டி வாசிப்பு எடுங்கள். ஆளியை வாசிப்பு எடுக்கிற நேரம் மட்டும் மூடுங்கள். மூடியே வைத்தால் கம்பி சூடேறி, வரைபு மேலே போகப் போக வளையும்.

தம்பிலுவில்_கணக்கு:

விஞ்ஞானம் சொன்னவர் சொன்னது சரி, கணிதத்தில் மட்டும் கொஞ்சம் வேறுபடுகிறேன். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நமக்கு வேண்டாத அலகுகளும் இருக்கின்றன, நமக்கு வேண்டிய பங்குச்சந்தை, மடக்கை மாதிரியானவை நம் பரீட்சை கேட்கிற விதத்தில் இல்லை. நேரம் மிச்சமுள்ள பிள்ளைக்குச் சரி. மற்றவர் நம் பாடநூல் பயிற்சியையே இரண்டு முறை செய்வது மேல்.

தாளின் அமைப்பைப் பிள்ளைக்கு முதல் நாளே காட்டுங்கள். பகுதி I இரண்டு மணித்தியாலம்: 25 குறுவினா தலா 2 புள்ளி, பிறகு 5 வினா தலா 10 புள்ளி. பகுதி II மூன்று மணித்தியாலம்: இரண்டு பிரிவிலும் ஆறில் ஐந்து. அந்த 25 குறுவினாவில் பெரும்பகுதி ஒன்பதாம், பத்தாம் தர வேலை. ஆகவே உங்கள் மகளுக்குப் பத்தாம் தரப் பாடத்தோடு வாரத்துக்கு இரண்டு நாள் 25 குறுவினாவை 45 நிமிடத்தில் செய்விக்கத் தொடங்கலாம். படிக்காத அலகின் வினாவைக் கோடிட்டு விடுங்கள்.

கணிகருவி கொண்டு போக முடியாது. இதை வீட்டில் படிக்கிற பிள்ளைகள் பிந்தித்தான் உணருகிறார்கள், கையில் போன் இருக்கிறதே! மடக்கை அட்டவணையை இப்போதே வாங்குங்கள். எல்லாரும் வழுக்குகிற இடம் ஒன்று: 0.0253இன் கனமூலம். மடக்கை −2 + 0.4031, அதாவது 2க்கு மேல் கோடு போட்டு .4031. இதை 3ஆல் வகுக்கும்போது 2ஐயும் .4031ஐயும் தனித்தனியே வகுக்கப் போகிறார்கள், 2 பிரியாது. −3 + 1.4031 என்று மாற்றி வகுக்க வேண்டும்: −1 + 0.4677. முரண்மடக்கை 0.2936. இதைப் பத்துத் தரம் செய்தால் மறக்காது.

கேத்திரகணித அமைப்புகளில் கவராய வில்களை அழிக்க வேண்டாம். துப்புரவாக இருக்கட்டும் என்று அழிக்கிற பிள்ளை, புள்ளியையும் சேர்த்து அழிக்கிறது.

கல்லடிப்பாலம்:

நன்றி எல்லாருக்கும். நிறை/திணிவு இங்கே ஏற்கெனவே குழம்பித்தான் கிடக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது. தொகுதிப் பாடமும் லண்டன் விசயமும்?

மருதமுனைத் தறி:

சலாம். ஆறு பாடம் கட்டாயம்: சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மீதி மூன்றும் மூன்று தொகுதியிலிருந்து. முதல் தொகுதியில் புவியியல், குடியியல், வணிகக் கல்வியும் கணக்கீடும் எல்லாம் புத்தகத்தோடு வீட்டில் செய்யக்கூடியவை. கணக்கீட்டுக்கு மட்டும் திருத்திக் கொடுக்க ஒருவர் வேண்டும், ஒரு பதிவு பிழைத்தால் கடைசி வரை பிழைக்கும். இரண்டாவதில் சங்கீதம், நடனம், நாடகத்துக்குச் செயன்முறைப் பரீட்சை உண்டு. பிள்ளை ஏற்கெனவே வெளியில் பழகுகிறது என்றால் எடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் இலக்கிய நயம் அல்லது சித்திரம். மூன்றாவதில் சுகாதாரமும் உடற்கல்வியும் அல்லது தகவல் தொழினுட்பம்.

ஏஎல் (உயர்தரம்) படிக்க வேண்டுமானால் தமிழும் கணிதமும் சேர ஆறு பாடச் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி வேண்டும். 35 சாதாரண சித்தி, 50 திறமை, 65 பி, 75 ஏ. ஆகவே மூன்று தொகுதிப் பாடத்தையும் "சும்மா ஒன்று" என்று எடுக்காமல், 50 தாண்டக்கூடியதாய் எடுங்கள்.

லண்டன் ஓஎல்: எடெக்செல், கேம்பிரிட்ஜ் இரண்டிலும் தனிப்பட்டவராக உட்காரலாம், ஆனால் ஆங்கில மொழிமூலம், ஒவ்வொரு பாடத்துக்கும் வெவ்வேறாகக் கட்டணம். ஆய்வுகூடம் இல்லாதவருக்கு எடெக்செல்லில் தனிச் செயன்முறைத் தாள் இல்லை. கேம்பிரிட்ஜில் செயன்முறைக்குப் பதிலான எழுத்துத் தாள், பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றிலும் 6ஆம் தாள். பதியும்போது அந்தத் தெரிவைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். புத்தகம் வாங்கும்போது பாடக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள்; எடெக்செல் கணிதம் என்றால் 4எம்ஏ1. பழைய குறியீட்டுப் புத்தகம் அரை விலைக்கு வரும், அதில் பாடத்திட்டம் வேறு. அரச பல்கலைக்கழகம்தான் நோக்கம் என்றால் அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி உள்ளூர் ஏஎல்லில் கணிப்பது. தமிழில் இதுவரை படித்த பிள்ளையை 14 வயதில் மொழி மாற்றுவதற்கு வலுவான காரணம் வேண்டும், "நல்லதாம்" என்பது காணாது.

களுதாவளைக் கொடிக்கால்:

ஒன்று விட்டுப்போச்சு. தவணைப் பரீட்சை வினாத்தாள்கள். மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்முனை, திருக்கோவில் என்று வலயங்களில் ஓடுகிற தாள்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கிப் பிரதி எடுக்கலாம். அதே நேர அளவில், மேசையில், போன் இல்லாமல். கடந்தகால ஓஎல் தாள்களில் கடைசி மூன்று ஆண்டை இப்போதே தொட வேண்டாம், பதினோராம் தர இரண்டாம் தவணைக்குப் பிறகு முழு நேர ஒத்திகைக்கு அவை புதிதாக இருக்க வேண்டும்.