ட்ரையல்ல அப்ஜெக்ஷன் பண்ணாம விட்டா அப்பீல்ல எழுப்பவே முடியாதா?

வியாசர்பாடி தம்பி:
எங்க பெரியப்பா பையனுக்கு செஷன்ஸ் கோர்ட்ல ஏழு வருஷம் போட்டுட்டாங்க, இப்போ புழல்ல இருக்கான். கேஸ்ல முக்கியமானதே அவன் போன் கால் லிஸ்ட்தான். கம்ப்யூட்டர் பதிவு சரியானதுன்னு பொறுப்பானவங்க எழுதித் தர்ற 65பி சர்டிபிகேட் இல்லாமலே அதை சாட்சியமா மார்க் பண்ணாங்க, எங்க வக்கீல் அன்னைக்கு வாயே திறக்கல. ஐகோர்ட்ல ஒரு வக்கீலைப் பார்த்தோம், கீழ் கோர்ட்ல எதிர்க்கல அதனால அந்த பாயின்ட் போச்சுன்னு ஒரே வரில முடிச்சிட்டார். பெரியம்மா ரெண்டு நாளா சாப்பிடல. வக்கீல் விட்டதுக்கு இவன் உள்ள கிடக்கணுமா?

பாரிமுனை ஜூனியர்:
தம்பி, அவர் சொன்னது தப்பில்ல, ஆனா முழுசும் இல்ல. 2017ல சோனு எதிர் ஹரியானா அரசு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதேதான் சொல்லுச்சு, சர்டிபிகேட் இல்லங்கிறது நிரூபிக்கிற முறைல இருக்கற குறை, அன்னைக்கே எதிர்த்திருந்தா அரசு தரப்பு சர்டிபிகேட் வாங்கி சரி பண்ணியிருக்கும், அந்த வாய்ப்பைக் கொடுக்காம அப்பீல்ல வந்து கேக்கக்கூடாதுன்னு. ஆனா சட்டமே ஏத்துக்காத சாட்சியம்னு ஒண்ணு இருக்கு. போலீஸ்கிட்ட குத்தத்தை ஒத்துக்கிட்டதா எழுதினது மாதிரி. அதை யாரும் எதிர்க்காம மார்க் பண்ணியிருந்தாலும் அப்பீல்ல தாராளமா எழுப்பலாம். அப்புறம் முக்கியமா ஒண்ணு, லிஸ்ட் ஃபைல்ல இருக்குங்கிறதால அது எல்லாத்தையும் நிரூபிச்சிடுச்சுன்னு ஆகாது. லிஸ்ட் காட்டற அந்த டவர்ல போன் இருந்துச்சு சரி, போன் அவன் கைலதான் இருந்துச்சுன்னு எந்த சாட்சி சொன்னாங்க? இதை யாரும் தடுக்க முடியாது, முதல் அப்பீல்ல ஐகோர்ட் சாட்சியம் முழுக்க திரும்ப எடைபோட்டே ஆகணும்.

சைதாப்பேட்டை வக்கீல்:
அமெரிக்காவுல இதை ரெண்டா பிரிக்கிறாங்க, அந்த ஊர் சுப்ரீம் கோர்ட்டோட 1993 ஒலானோ கேஸ்ல தெளிவா இருக்கு. தெரிஞ்சே ஒரு உரிமையை விட்டுக்கொடுத்தா அது வேற, நேரத்துல சொல்லாம கோட்டை விட்டா வேற. கோட்டை விட்டதை, அப்பட்டமான பிழையா இருந்து பாதிப்பும் இருந்தா அப்பீல் கோர்ட் பாக்கலாம். நம்ம ஊர்ல பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதாவது சிஆர்பிசி 465, இப்போ அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் 511. நடைமுறைக் குறையால நீதி தவறிப்போச்சான்னு பாப்பாங்க, முன்னாடியே எதிர்த்திருக்கலாமேன்னும் சேர்த்தே கேப்பாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா குற்றவாளிக் கூண்டுல நிக்கறவனுக்கு எப்போ எழுந்து எதிர்க்கணும்னு எப்படித் தெரியும்?

பெரம்பூர் அக்கா:
தம்பி, சம்பவம் நடந்த அன்னைக்கு அவனுக்கு 18 ஆகியிருந்துச்சா? ஆகலன்னா இளஞ்சிறார்ங்கிற பாயின்ட்டை எந்தக் கட்டத்துலயும் எழுப்பலாம், கேஸ் முடிஞ்ச பிறகும்கூட. ஐகோர்ட்டுக்கு அப்பீல் போட 60 நாள்தான், அதோட தண்டனையை நிறுத்தி வைக்கவும் மனு போடுங்க. காசு இல்லன்னா ஐகோர்ட் வளாகத்துலயே சட்ட உதவி கேளுங்க, ஜெயில்ல இருக்கறவங்களுக்கு அது உரிமை.

வியாசர்பாடி தம்பி:
அவனுக்கு அப்போ 22 அக்கா. தீர்ப்பு வந்து 38 நாள் ஆச்சு. சாட்சிங்க சொன்னதோட காப்பிக்கு நாளைக்கு காலைலயே மனு போடறேன், அந்த போன் யார் கைல இருந்துச்சுன்னு ஒருத்தராவது சொல்லியிருக்காங்களான்னு நானே வரி வரியா படிச்சுட்டு இங்க வரேன்.