அரையாண்டு லீவு முடியுது, பையன் ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருக்கிறான்

மஞ்சக்குப்பம் அம்மா:
பையன் ஒண்ணாங்கிளாஸ். ஸ்கூல் திறக்க ஆறு நாள் இருக்கு. ராத்திரி பதினொன்றரைக்குத் தூங்கி, காலையில ஒன்பதுக்குத்தான் கண்ணைத் திறக்கிறான். வேன் 7.40-க்குத் தெருமுனைக்கு வந்துடும். இப்பவே "வயிறு வலிக்குது, நான் போகல"ன்னு ஆரம்பிச்சிட்டான். எங்கேர்ந்து தொடங்கறது?

லாஸ்பேட்டை டீச்சர்:
படுக்கிற நேரத்தை முதல்ல தொடாதீங்கம்மா. தூக்கம் வராத பிள்ளையை ஒன்பது மணிக்கு லைட்டை அணைச்சுப் படுக்க வெச்சா, பத்தரை வரைக்கும் தண்ணி கேட்கும். எழுப்புற நேரத்தை மாத்துங்க. நாளைக்கு 8.30. தினம் அரைமணி குறைச்சா அஞ்சாம் நாள் 6.30 வந்துடும், ராத்திரித் தூக்கம் தானா முன்னாடி நகரும். எழுப்பின உடனே மொட்டைமாடியில 20 நிமிஷம் வெளிச்சத்துல விடுங்க. மார்கழியில நம்ம பக்கம் சூரியன் வரவே ஆறரை ஆகிடுது, அதனால ஸ்கூல் திறந்தப்புறம் எழுப்பும்போதே ரூம் லைட்டைப் போட்டுடுங்க. பகல் தூக்கம் வேண்டாம். இந்த வயசுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேணும், அதனால கடைசியில ராத்திரி 9-க்குத் தூங்கியிருக்கணும். எட்டு மணிக்கு மேல போன், டிவி கிடையாது.

வில்லியனூர் தாத்தா:
வயித்துவலியை நடிப்புன்னு திட்டாதீங்க. பயத்துலயும் நிஜமாவே வலிக்கும். ஸ்கூல் பேச்சு எடுத்தா மட்டும் வந்து, கொஞ்ச நேரத்துல ஓடி விளையாடினா அது பயம். ராத்திரி தூக்கத்துலேர்ந்து எழுப்புற வலி, காய்ச்சல், வாந்தி, வலது பக்கம் அடிவயித்துல வலின்னா டாக்டர்கிட்ட காட்டணும்.

மலச்சிக்கலையும் பாருங்க. லீவுல கேக்கும் முறுக்கும் தின்னு, தண்ணி குடிக்காம இருந்தாலே வலிக்கும். காலை டிபன் முடிஞ்சதும் பத்து நிமிஷம் உட்கார வைங்க. வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கடியில ஒரு முக்காலி போடுங்க, தொங்குற காலோட முக்க முடியாது.

இன்னொண்ணு, யாரும் யோசிக்காதது: லீவு முழுக்க எலாஸ்டிக் டவுசர்ல இருந்தவனுக்கு யூனிபார்ம் கொக்கியைக் கழட்ட வருதா? வரலன்னா ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போகவே பயந்து அடக்குவான்.

நெல்லிக்குப்பம் அக்கா:
ஷூவை இன்னைக்கே போட்டுப் பாருங்க. ஜூன்ல வாங்கினது இப்போ கடிக்கும். நிக்க வெச்சு அழுத்தினா கட்டைவிரலுக்கு முன்னால உங்க விரல் அகலம் இடம் இருக்கணும். யூனிபார்மைக் காலையிலயே துவைச்சுடுங்க. சாயங்காலம் கொடியில போட்டா பனியில நனைஞ்சு நாத்தம் வரும்.

ஆனா நிஜமான சோதனை திறக்கிற அன்னைக்கு இல்ல. ரெண்டு வாரத்துக்குள்ள பொங்கல் லீவு, அதோட தை 5-ல பெண்ணையாத்துல ஆத்துத் திருவிழா. போகிக்கு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து மேளம் தட்டிடுவான், அது பிரச்சினையே இல்ல. ராத்திரி கண்முழிப்புதான் கெடுக்கும். எவ்வளவு நேரம் கழிச்சுப் படுத்தாலும் காலையில 7.30 தாண்ட விடாதீங்க.

மஞ்சக்குப்பம் அம்மா:
தாத்தா, இப்பத்தான் பேண்டைப் போட்டுக் கழட்டச் சொன்னேன். ரெண்டு கையாலயும் இழுக்கிறான், கொக்கி வரவேயில்ல.

வில்லியனூர் தாத்தா:
டெய்லர்கிட்ட குடுத்துக் கொக்கியை எடுத்துட்டு ரெண்டு அங்குலம் வெல்க்ரோ தைக்கச் சொல்லும்மா. வெளியில பார்த்தா வித்தியாசம் தெரியாது.