ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளை வகுப்பில் கை தூக்காததற்கு வீடு காரணமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

அரசுப் பள்ளி ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்:

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் ஒரு பையன், வாயே திறக்க மாட்டான். மைனஸ் மூன்றை மைனஸ் நான்கால் பெருக்கினால் என்ன என்று கேட்டால், அவன் ரஃப் நோட்டில் 12 என்று இருக்கும். கை மட்டும் மேலே வராது. நானே எழுப்பிக் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பான். "பன்னிரண்டு" என்பான். நான் ஒரு நொடி சும்மா இருந்தால் போதும், "இல்ல டீச்சர், மைனஸ் பன்னிரண்டு" என்று மாற்றிவிடுவான்.

ஒருநாள் நோட்டு திருத்தும்போதுதான் கவனித்தேன். எண்பது பக்க நோட்டு பாதியாக மெலிந்திருந்தது. ஸ்டேப்ளர் பின் தளர்ந்து தாள்கள் ஆடின. கேட்டால், தப்பு இருந்தால் அப்பா அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முழுசாகத் திரும்ப எழுதச் சொல்வாராம். ஒரு தாளைக் கிழித்தால் மறுபாதியும் உருவிக்கொண்டு வந்துவிடும் இல்லையா, அதையும் எழுத வேண்டும். அதனால் இவன் முதலில் ரஃப் நோட்டில் போட்டு, பக்கத்துப் பையனுடையதோடு ஒத்துப் பார்த்து, அப்புறம்தான் நல்ல நோட்டுக்குப் போகிறான். வாயால் சொல்லும் பதிலுக்கு ரஃப் நோட்டு ஏது?

அப்பா மோசமானவர் இல்லை. சிவகாசியில் அச்சகத்தில் வேலை. பிழையாக விழுந்த தாள் கழிவுக்குப் போகும் இடம். "என்னை யாரும் கேட்கல டீச்சர், ஒன்பதாவதோட நின்னுட்டேன். இவனையாவது கேட்கணும்ல?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஒரு அப்பா, திருப்பூர்:

எங்கள் வீட்டில் நேர் எதிர். ஒரே மகள், எட்டாவது. அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. நோட்டை மறந்துவிட்டுப் போனால் பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பேன். தோழியோடு சண்டை என்றால் தோழியின் அம்மாவுக்கு நான் போன் பண்ணுவேன் (இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது).

அரையாண்டில் அறிவியல் தாளில் கூட்டல் தப்பு, 6 மார்க் குறைவு. "நீங்க வந்து மிஸ்கிட்ட கேளுங்கப்பா" என்றாள். மிஸ் கோபக்காரரும் இல்லை. தாளை நீட்டினால் இரண்டு நிமிஷ வேலை. அப்போதுதான் உறைத்தது, இவள் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் நானே பேசியிருக்கிறேன் என்று. வர மாட்டேன் என்றேன். அழுதாள். என் மனைவி என்னோடு பேசவில்லை. மூன்று நாள் அந்தத் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு போய் வந்தாள். நான்காம் நாள் கேட்டுவிட்டாள். மிஸ் திருத்திக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் அந்த ஆறு மார்க்கைப் பற்றிப் பேசினாளே, முதல் ரேங்க் வாங்கியபோதுகூட அப்படிப் பேசியதில்லை.

மதுரை:

கொஞ்சம் அதிகமாகவே யோசிக்கிறீர்கள். எங்கப்பா பெல்ட்டைத்தான் எடுப்பார். நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இன்றைக்கு 40 பேரை வைத்து வேலை வாங்குகிறேன்.

பள்ளி ஆலோசகர், சென்னை:

மதுரைக்காரருக்கு ஒரு கேள்வி. அடித்த அன்று ராத்திரி அப்பா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவாரா? கிண்டலுக்குக் கேட்கவில்லை.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் வளர்ப்பை மூன்றாகப் பிரித்தார்: கண்டிப்பு மட்டும், செல்லம் மட்டும், இரண்டும் சேர்ந்தது. 1983இல் மெக்கோபி, மார்ட்டின் என்ற உளவியலாளர்கள் இரண்டுமே இல்லாத வீட்டை நான்காவதாகச் சேர்த்தார்கள். அங்கே நடந்த ஆய்வுகளில் மூன்றாவது வகை வீட்டுப் பிள்ளைகள்தான் பொதுவாகத் தன்னம்பிக்கையில் மேலே வந்தார்கள். ஆனால் ரூத் சாவ் என்பவர் 1994இல் சீனக் குடும்பங்களுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது என்று எழுதினார். வெளியே அதிகாரமாகத் தெரிகிற கண்டிப்புக்குள்ளே, கூடவே உட்கார்ந்து பழக்குகிற அக்கறையும் இருக்கிறது என்பது அவர் வாதம். நம் வீடுகளுக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். அதற்காக அடியைச் சரி என்று சொல்ல மாட்டேன்.

என்னிடம் வரும் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் அப்பா கண்டிப்பானவரா என்று நான் கேட்பதில்லை. மார்க் குறைந்தால் முதலில் யாரிடம் சொல்வாய் என்றுதான் கேட்பேன். "யார்கிட்டயும் இல்ல" என்று சொல்பவர்களில் செல்லமாக வளர்ந்த பிள்ளைகளும் உண்டு.

மதுரை:

அப்பா கூப்பிட மாட்டார். அம்மாதான் கூப்பிடுவார். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்:

சென்னை மேடம் கேட்கும் அந்தக் கேள்வியை நான் பையனிடம் கேட்கவில்லை, பதில் தெரியும் என்பதால். தப்பு வந்தால் ரப்பரை எடுக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்திலேயே சரியானதை எழுது என்று மட்டும் சொன்னேன். எழுதினான். ஒரே பக்கத்தில் ஐந்து அடித்தல். பெல் அடித்ததும் என் மேசைக்கு வந்து, "நோட்டு இங்கேயே இருக்கட்டுமா டீச்சர்?" என்றான்.

வாங்கிப் பீரோவில் வைத்தேன். நான்கு நாளாக அங்கேதான் இருக்கிறது. நோட்டு எங்கேடா என்று அவன் அப்பா கேட்கும் நாள் வரும். அதற்குள் அவரிடம் பேச்சை எப்படி ஆரம்பிக்கலாம் என்று இங்கே இருக்கும் அப்பாக்கள் யாராவது சொல்லுங்களேன்.