ஃபாக்டா இதழ் ஒலிம்பஸ் மோசடியைப் பிடித்தது எப்படி?

மாணிக்கம்07:
2011இல் ஜப்பானியக் கேமரா நிறுவனமான ஒலிம்பஸின் கணக்கு மோசடியை முதலில் எழுதியது ஃபாக்டா என்ற ஜப்பானிய மாத இதழ். பெரிய நாளிதழ்களை விட்டு அதற்கு மட்டும் எப்படிச் சிக்கியது? அந்த மாதிரிக் கணக்குகளை வெளியாள் பார்க்க முடியுமா?

தணிக்கைப்பேனா:
நிறுவனத்துக்குள் இருந்து வந்த ஆவணங்கள்தான் தொடக்கம். எழுதியவர் யமகுச்சி யோஷிமாசா, எந்த நாளிதழிலும் வேலையில் இல்லாத செய்தியாளர். நிக்கே என்ற பொருளாதார நாளிதழில் இருந்த அபே ஷிகேயோ 2006இல் தொடங்கிய இதழ் இது. கடையில் கிடைக்காது, ஆண்டுச் சந்தாதான். விளம்பரத்தை நிறுத்துவோம் என்ற மிரட்டல் இப்படிப்பட்ட இதழிடம் அவ்வளவாகச் செல்லாது.

சந்தேகம் விழுந்த இடம் அல்டிஸ், ஹியூமலேபோ, நியூஸ் ஷெஃப் என்ற மூன்று குட்டி நிறுவனங்கள். கேமராவும் எண்டோஸ்கோப்பும் (உடலுக்குள் விட்டுப் பார்க்கும் மருத்துவக் கருவி) செய்கிறவர்கள் மருத்துவக் கழிவு, அழகுசாதனம், மைக்ரோவேவ் பாத்திரத் தொழில்களுக்குச் சுமார் 7,340 கோடி யென் கொட்டினார்கள். 2009 மார்ச் கணக்கிலேயே அதில் பெரும்பகுதியை நட்டமாகக் கழித்தார்கள்.

கடற்கரை_ரவி:
ஏன் அவ்வளவு விலை என்பதுதான் சூட்சுமம். 1990களின் முதலீட்டு நட்டத்தை வெளி நிதியங்களில் ஒளித்திருந்தார்கள். அதை அடைக்கப் பணம் வேண்டும். வாங்கும் விலையை ஏற்றினால் கூடுதல் தொகை குட்வில் (நிறுவனத்தின் நிகர சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த விலை) என்று சொத்துப் பக்கம் ஏறிவிடும், பிறகு ஆண்டுதோறும் கழிக்கலாம். பிரிட்டனின் மருத்துவக் கருவி நிறுவனமான ஜைரஸை வாங்கியபோது ஆலோசனைக் கட்டணமே 68.7 கோடி டாலர், அதாவது விலையில் மூன்றிலொரு பங்கு. வழக்கமாக 1 அல்லது 2 சதவீதம்தான். மறைத்த நட்டம் 11,770 கோடி யென் என்றது விசாரணைக் குழு.

எண்ணெழுத்து:
வெளியாளும் பார்க்கலாம். நிறுவனங்கள் தாக்கல் செய்யும் அறிக்கைகள் இருக்கும் எடினெட் தளத்தைப் பாருங்கள். ஜப்பான் நிதிச் சேவை முகமை நடத்துவது, இலவசம். நிறுவனப் பெயரைத் தேடி 'யூகா ஷோக்கென் ஹோகோகுஷோ' என்ற ஆண்டறிக்கையை எடுங்கள். மார்ச்சில் கணக்கு முடிக்கிறவர்களுடையது ஜூன் இறுதிக்குள் வந்துவிடும். முதலில் துணை நிறுவனப் பட்டியல். சின்னக் கொள்முதலுக்குத் தனி அறிவிப்பு வராமலே போகலாம், பெயர் இங்கேதான் தலைகாட்டும். பிறகு பணப்புழக்க அறிக்கையில் துணை நிறுவனப் பங்கு வாங்கிய தொகை, குறிப்புகளில் குட்வில் மதிப்புக் குறைப்பு. மூன்று, நான்கு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையவை தளத்தில் என்றென்றும் இருக்காது, இறக்கி வையுங்கள்.

அலகில் கவனம்! அட்டவணைகள் பெரும்பாலும் பத்து லட்சம் யென் கணக்கில் இருக்கும். செய்திகளில் வரும் ஒரு 'ஒகு' நம்முடைய பத்துக் கோடி. ஒரு கோடி என்று எடுத்தால் எல்லாமே பத்தில் ஒன்றாகிவிடும்.

தணிக்கைப்பேனா:
எண்ணெழுத்து சொன்னதோடு ஒன்று: பணம் கடைசியில் யார் கைக்குப் போனது என்பது ஆண்டறிக்கையில் இருக்காது. உரிமையாளர் பெயர் வெளியே தெரியாத கேமன் தீவு போன்ற இடத்து நிறுவனத்துக்குப் பணம் போனால், அதன் பின்னால் யார் என்று தெரிய உள்ளாள் வேண்டும். அறிக்கையை வைத்துக் கேள்வி கேட்கலாம், குற்றம் சாட்ட முடியாது.