வாய்ச்சவடால் வீரர்களைக் கேட்க ஆளே இல்லையா?

கேள்வி:
கால்பந்து வீரர்கள் மைதானத்தில் திட்டிக்கொள்வது சரி, ஆட்டச் சூட்டில் வருவது. ஆனால் வீட்டுக்குப் போய் நிதானமாக போனை எடுத்து எதிரணியை வம்புக்கு இழுக்கிறார்களே, இதற்குத் தண்டனை எதுவும் கிடையாதா?

பதில்:
இங்கிலாந்தில் உண்டு. 2011-இல் லிவர்பூல் வீரர் ரயன் பாபெல், நடுவர் ஹோவர்ட் வெப் எதிரணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் சட்டை போட்டிருப்பது போன்ற ஒட்டுப்படத்தை ட்விட்டரில் போட்டு 10,000 பவுண்டு அபராதம் கட்டினார். அடுத்த ஆண்டு செல்சி வீரர் ஆஷ்லி கோல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தையே ட்விட்டரில் திட்டினார், 90,000 பவுண்டு அபராதம்.

பதில்:
காசெல்லாம் அவர்களுக்கு உறைக்காது, தடைதான் வலிக்கும். ட்விட்டரில் ஒருவரின் தாயை இழுத்துப் பேசியதற்கு 2014-இல் இங்கிலாந்து வீரர் ரியோ ஃபெர்டினாண்டுக்கு 3 ஆட்டம் தடை.

பதில்:
ஸ்பெயினின் இளம் வீரர் யமாலின் வழி தனி. 2024 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) அரையிறுதிக்கு முன் பிரான்ஸ் வீரர் ராபியோ அவரைச் சீண்டினார். பையன் இன்ஸ்டாவில் பூடகமாக ஒரு வரி, அப்புறம் அந்த ஆட்டத்திலேயே ஒரு கோல். அப்படி அடித்தால் பேசிவிட்டுப் போகட்டுமே!